இடது கண்ணும் முதற் குரவையும்

குருக்கள்மடம்
26.01.2025

அன்புள்ள தம்பி நிதுர்ஷனுக்கு,

அன்பு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். உண்மையில் கடுங்கோபத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை காணொளியில் பேசும்போது லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தாயே, அது அறுந்ததல்ல, நான்தான் வெட்டினேன். இனிக் காணொளியில் என்னைக் கூப்பிடாதே. இந்த முகத்தை ஆருக்கும் காட்டுவதாக இல்லை. சும்மா பேசினாலும் ‘ப’வும் ‘ம’வும் இடது பக்கத்தால் காற்றாய்ப் போகிறது. டைப் பண்ணுவதற்கு வாய் தேவையில்லை. கொமினிகேசன் கடையில் ஊருக்கெல்லாம் கடிதம் அடித்துக் கொடுக்கிறவள் தம்பிக்கு ஒன்று அடிக்க மாட்டேனா?

உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னேன், முழுதாகக் கேள். பொங்கலன்று பால் பொங்கி வழிந்தபோது வழக்கம்போல வாயைக் குவித்துக் குரவை போட்டேன். சத்தம் வரவில்லை, சைக்கிள் டியூபில் காற்றுப் போவதுபோல ‘புஸ்’ என்றது. நான் பகிடி விடுகிறேன் என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த என் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. உன் அத்தான் இறால் வலையை அப்படியே போட்டுவிட்டு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பாரிசவாதம் இல்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது என்று டொக்டர் குளிசையும் கண்ணுக்குத் துளி மருந்தும் தந்தார். அம்மாவின் பெயரைக் கேட்டார்கள். ‘பத்தினிப்பிள்ளை’ என்று எனக்குச் சொல்ல வரவில்லை, எழுதித்தான் காட்டினேன்.

இவ்வளவையும் உனக்கு அழாமல் சொல்லி முடித்தேன். வைகாசியில் குளிர்த்திக்கு எப்படிக் குரவை போடுவேன் என்று சொல்லும்போதுதான் அழுகை வந்தது. உடனே நீ சொன்னாய்: “ஒரு குரவைதானே அக்கா. முதல் கண்ணக் கவனியுங்க.”

சீனத்துக் குளிரில் உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். வாவிக்கு அக்கரையில், அம்மாவின் ஊரில் வருடம் முழுக்கப் பூட்டியிருக்கிற கண்ணகை அம்மன் கதவு வைகாசியில் திறக்கும். கடைசி நாள் குளிர்த்தியில் அம்மனைக் குளிர வைக்கும்போது முதற் குரவை எங்கள் வீட்டுப் பெண்ணுடையது. அம்மாவுக்குப் பிறகு நான். நான் தொடங்காமல் மற்றப் பெண்கள் வாய் திறப்பதில்லை. அது ‘ஒரு குரவைதானே’ இல்லை.

கேட்க விருப்பமில்லாமல் ஒன்று கேட்கிறேன். ஊசி குத்துகிற வைத்தியத்தைப் பற்றித்தானே நீ அங்கே படிக்கிறாய்? நான் குத்திக்கொள்ளலாமா?

உன் அக்கா,
கேதீஸ்வரி


செங்டு
30.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சீனப் புத்தாண்டு. ஆய்வுகூடம் பூட்டு, வெளியே வெடிச் சத்தம், நான் தனியே அறையில். உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். உங்களை அழவைத்ததற்கு மன்னியுங்கள். ஆனால் கண்ணைப் பற்றிச் சொன்னதில் நான் பிழையில்லை. இடது கண் மூடாமல் இருக்கிறது. வாவிக் காற்றும் தூசியும் பட்டுக் கருவிழி காய்ந்துவிட்டால் பிறகு முகம் திரும்பினாலும் பார்வை திரும்பாது. துளி மருந்தை விடாதீர்கள். படுக்கும்போது கண்ணை மூடி மெல்லிய பிளாஸ்டர் ஒட்டுங்கள். தோணியில் போனால் கண்ணாடி போடுங்கள். குளிசையை நடுவில் நிறுத்த வேண்டாம்.

இனி ஊசி. முகம் கோணியவர்களுக்கு ஊசி குத்தி, அந்த நேரம் மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேனில் படம் பிடிப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. உங்கள் மூளையில் ஒரு பழுதும் இல்லை, பழுது காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஓடுகிற நரம்பில். ஆனால் மூளைக்கு அது தெரியாது. ‘இடது கன்னமே, உயர்’ என்று அது கட்டளை போடுகிறது, கன்னம் அசையவில்லை. பதில் வராமல் போகப் போக, மூளையில் முகத்துக்கென்று இருக்கிற இடம் தடுமாறத் தொடங்குகிறது. எங்கள் படங்களில் தெரிவது இந்தத் தடுமாற்றம்.

ஊசியை முகத்தில் மட்டுமல்ல, கையில் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலும் குத்துவார்கள். மூளையில் கையும் முகமும் அயல் வீடுகள், அக்கா. ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அடுத்த வீட்டு நாயும் குரைக்கும் அல்லவா, அப்படி ஏதோ நடக்கிறது என்று நினைக்கிறோம்.

‘நினைக்கிறோம்’ என்றுதான் எழுதுகிறேன். ஊசி குத்தினால் சரியாகும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். குளிசையோடு காத்திருந்தே நிறையப் பேருக்கு முகம் திரும்புகிறது. போவதென்றால் படித்த டொக்டரிடம் போங்கள். முகத்தை ஒரு காணொளி எடுத்து அனுப்பினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
நிதுர்ஷன்


குருக்கள்மடம்
20.02.2025

தம்பிக்கு,

காணொளி இல்லை. நான் உன் ஆய்வுகூடத்து எலியில்லை.

ஏறாவூரில் டொக்டர் அஸீமா என்று ஒருவர். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து வீட்டு முன்னறையில் ஊசி பார்க்கிறார், முறையாகப் படித்தவர். அத்தான்தான் கூட்டிக்கொண்டு போனார். முதல் ஊசி கன்னத்தில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் என் வலது கையைப் பிடித்து நீ சொன்ன அதே இடத்தில் குத்தினார். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. “டொக்டர், கோணினது வாய். கை நல்லாத்தான் இருக்கு,” என்றார். அந்த மனுசி சிரித்த சிரிப்பில் ஊசிகூட ஆடியது. நான் அயல் வீட்டு நாயைப் பற்றிச் சொன்னேன். ‘உங்கட தம்பி நல்லாத்தான் விளங்கப்படுத்தியிருக்கார்’ என்றார். இந்தப் புகழ்ச்சியை உனக்குச் சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

வலி என்று சொல்ல முடியாது. ஒரு கனம், கடுத்துக்கொண்டு முழங்கை வரை ஏறுகிறது. வாரத்தில் இரண்டு நாள் போகிறேன். கண்ணாடி முன் மெல்ல மெல்ல முகப் பயிற்சியும் சொல்லித் தந்திருக்கிறார். இன்னும் ஒன்றும் அசையவில்லை.

மற்றது கோயில். போன வெள்ளி அக்கரையில் பெண்கள் கூடிக் கதைத்திருக்கிறார்கள். இந்த முறை முதற் குரவை கஜானிக்காம். கோயில் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கரின் வளவுக்கு அயல் வளவில் இருக்கிறாளே, மணியான தொண்டை, அந்தப் பிள்ளைதான். நான் பாவம், எனக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னார்களாம். அதோடு நிற்கவில்லை. முகம் கோணினது அம்மன் குற்றம், கோணின வாயால் அம்மனுக்கு முன் குரவை போடக் கூடாது என்றும் ஒருத்தி சொன்னாளாம். கேட்டுவிட்டு வந்த அம்மா சோறு தின்னவில்லை. நான் தின்றேன், இடது கன்னத்துக்குள் அடைந்த சோற்றை விரலால் தள்ளித் தள்ளித் தின்றேன். ஆத்திரம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

கண்ணுக்குப் பிளாஸ்டர் ஒட்டுகிறேன். நீ கேட்பாய் என்று தெரியும்.

கேதீஸ்வரி


செங்டு
03.03.2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வாசித்த அன்று என்னால் வேலை செய்ய முடியவில்லை. நரம்பு வீங்கினதற்கு அம்மன் குற்றமாம். இதை விடக் கூடாது என்று நேற்று வண்ணக்கர் வினாயகமூர்த்தி மாமாவுக்கு நானே அழைத்துப் பேசினேன்.

பொறுமையாக விளங்கப்படுத்தினேன். இது குற்றமுமில்லை சாபமுமில்லை என்றேன். மூளையில் முகத்துக்குரிய இடம் எப்படித் தடுமாறுகிறது, ஊசி குத்தும்போது அங்கே என்ன மாறுகிறது, நோயின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் பிந்திய நாட்களில் இன்னொரு மாதிரியும் படத்தில் எப்படித் தெரிகிறது, எல்லாம் சொன்னேன். அவர் “ஓம் மகன், ஓம் மகன்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோயில் நிருவாகத்தைக் கூட்டி நானே எடுத்துச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

இனி உங்களுக்குக் கரைச்சல் இருக்காது. எல்லாம் தெளிவாகிவிட்டது.

நிதுர்ஷன்


குருக்கள்மடம்
19.03.2025

நிதுர்ஷன்,

தெளிவாகிவிட்டது. சந்தோசமா?

வண்ணக்கர் நிருவாகத்தைக் கூட்டிச் சொன்னது இதுதான்: “கேதீஸ்வரிக்கு முகத்தில இல்ல, மூளையிலயாம் பிழை. சீனத்தில படம் பிடிச்சுப் பாத்துத் தம்பியாரே சொல்லிற்றார்.” நீ சொன்னதில் அந்த மனுசனின் காதில் ஏறியது மூளை ஒன்றுதான்.

இப்போது எனக்கு மூளை பிழை என்று இரண்டு கரையும் கதைக்கிறது. ‘பாதை’யில் ஏறி அக்கரைக்குப் போனால், அந்தப் பெரிய மிதவையில் இருக்கிற சனமெல்லாம் எனக்கு இடம் விடுகிறது. விளிம்பில் நிற்க விடாமல் இரண்டு பேர் கையைப் பிடிக்கிறார்கள், நான் குதித்துவிடுவேனாம். கடைக்கு வருகிறவர்கள் குழந்தைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். விண்ணப்பம் அடிக்க வந்த ஒருவர் நான் அடித்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். இரண்டு பேர் இளநீர் கொண்டுவந்து தந்தார்கள். குடித்தேன். வேறென்ன செய்ய?

அம்மன் குற்றம் என்று விட்டிருந்தால் நேர்த்தி வைத்துத் தீர்த்திருக்கலாம். மூளைப் பிழையை எந்தக் கோயிலில் போய்த் தீர்க்கிறது? நீ எனக்காகத்தான் பேசினாய், எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வருகிறது. நான் உன்னிடம் கேட்டது ஊசியைப் பற்றி. ஊரைத் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. எழுதினாலும் நான் பதில் போட மாட்டேன்.

கே.


செங்டு
14.04.2025

அன்புள்ள அக்கா,

புத்தாண்டு வாழ்த்துக்கள். எழுத வேண்டாம் என்றீர்கள், ஒரு மாதம்வரை எழுதாமல்தான் இருந்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

எங்கள் ஆய்வுக்கு நோயில்லாத ஆட்களும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க. ஒருவர் வரவில்லை என்று போன கிழமை என்னையே இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். ஒரு சவப்பெட்டி அளவு இடம். தலையை அசைக்கக் கூடாது. கையில் உங்களுக்குக் குத்தும் அதே இடத்தில் ஊசி. நீங்கள் சொன்ன கனம், கடுத்துக்கொண்டு முழங்கை வரை ஏறியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த ஊசியைப் பற்றி இவ்வளவு பேசிய நான் ஒரு நாளும் அதைக் குத்திப் பார்க்கவில்லை.

பிறகு படத்தைப் பார்த்தோம். என் மூளை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பேராசிரியர் சிரித்துவிட்டு, குறையில்லாத மூளைக்கு ஊசியைப் பற்றி என்ன அக்கறை என்றார். முகம் கோணியவர்களின் படங்களில் அப்படியில்லை. முகத்துக்குரிய இடம் மற்ற இடங்களோடு சேர்ந்து அசைகிற விதமே மாறுகிறது. அந்த மாற்றம்தான் முகத்தைத் திருப்பித் தருகிறதா என்பதற்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் அந்த மூளை சும்மா கிடக்கவில்லை, தேடுகிறது. அது படத்தில் தெரிகிறது. உங்களுடையதும் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த இயந்திரத்துக்குள் பெரிய இரைச்சல். பயம் வராமல் இருக்க எதையாவது நினைக்கச் சொல்வார்கள். நான் இங்கே வந்த நாளை நினைத்தேன். அம்மாவிடம் சொல்லிவிட்டு அக்கரையிலிருந்து பாதையில் ஏறினேன், நீங்கள் அந்தத் துறையிலேயே நின்றீர்கள். பாதி வாவி தாண்டியபோது, ஆரும் சொல்லாமல், நீங்கள் குரவை போட்டீர்கள். கல்யாண மாப்பிள்ளையைப்போல என்னை அனுப்பினீர்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் எத்தனையோ நாள் அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டுதான் நித்திரை கொண்டேன்.

அதைத்தான் ‘ஒரு குரவைதானே’ என்றேன். என்னை மன்னியுங்கள், அக்கா.

நிதுர்ஷன்


குருக்கள்மடம்
06.05.2025

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாதி வாவி தாண்டும் இடத்தில் அவர் எழும்பிப் போய்விட்டார். நானும் அதற்கு மேல் வாசிக்கவில்லை, பிறகு தனியே வாசித்தேன். இனிக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அது வண்ணக்கருக்கு.

இப்போது செய்தி. போன கிழமை, டொக்டர் அஸீமா ஊசியைச் சுழற்றும்போது உதட்டின் இடது ஓரம் துடித்தது. நான் கவனிக்கவில்லை, அவர்தான் கண்டார். “அல்ஹம்துலில்லாஹ், இன்னொருக்கா,” என்றார். இன்னொருக்காவும் துடித்தது. திரும்பி வரும்போது வழி முழுக்க மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தான் அதில் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்க்க வேண்டும் என்று கத்தினார்.

நேற்றுக் காலை அவரோடு தோணியில் வாவிக்குள் போனேன். கரையில் குரவை போட்டால் மூளை பிழை முற்றிவிட்டது என்பார்கள். நடு வாவியில் வாயைக் குவித்து, மெல்லத் தொடங்கினேன். முதல் இரண்டும் காற்று. மூன்றாவது வந்தது, தம்பி. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கீறலாய், ஆனாலும் வந்தது. தூரத்தில் ஒரு தோணிக்காரன் எழும்பி நின்று கத்தினான்: “ஆருக்கு மச்சான் அங்க கலியாணம்?” அத்தான் சிரித்த சிரிப்பில் தோணி கவிழப் பார்த்தது. நான் அழுதேன்.

ஆனால் ஒரு புதுக் கரைச்சல். வாயைக் குவித்தால் இடது கண் தானாக மூடுகிறது. வாயை விட்டால் திறக்கிறது. இது என்ன கூத்து? பயப்படலாமா?

அக்கா


செங்டு
10.05.2025

அன்புள்ள அக்கா,

ஆய்வுகூடத்தில் எழும்பி நின்று கைதட்டிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் பயந்துபோனாள்.

கண்ணைப் பற்றி: நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் வழி மாறிப் போய்விடும். வாய்க்குப் போக வேண்டியது கண்ணிமைக்குப் போய்ச் சேரும். வாய்க்குக் கட்டளை போனால் கண்ணும் கீழ்ப்படியும். நிறையப் பேருக்கு வருகிறது. டொக்டர் அஸீமாவிடம் உடனே காட்டுங்கள், அதற்கென்று பயிற்சி உண்டு. வாயை மூச்சுப் பிடித்துப் பெலமாய்க் குவிக்க வேண்டாம், அது வழி மாறினதையும் சேர்த்துப் பழக்கிவிடும். குளிர்த்திக்கு முழுக் குரவை போட வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறேன். சொன்னால் கேட்க மாட்டீர்கள் என்றும் தெரியும். ஒன்றே ஒன்று போடுங்கள், அளவாக.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். மூடாமல் கிடந்த கண் மூடுகிறது என்று வாசித்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான் வந்தது.

நிதுர்ஷன்


குருக்கள்மடம்
11.06.2025

என் அன்புத் தம்பிக்கு,

முந்தாநாள் குளிர்த்தி முடிந்தது. நேற்று முழுக்கப் படுத்து எழும்பி, இன்று கடையைத் திறந்ததும் முதல் வேலையாக இதை அடிக்கிறேன். வெளியே மூன்று பேர் நிற்கிறார்கள், நிற்கட்டும்.

கதவு திறக்கிறதுக்கு முதல் கிழமையே பாதையில் ஏறி அக்கரைக்குப் போய், வண்ணக்கரின் முற்றத்தில் நின்று, ஆரையும் கூப்பிடாமல் ஒரு குரவை போட்டேன். மனுசன் கையில் சோற்றோடு ஓடிவந்தார். “என்ர மூளை இப்ப எப்பிடி மாமா?” என்று கேட்டேன். அவர் சோற்றுக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனால் கஜானிக்கென்று சொன்ன வார்த்தையை மாற்ற ஏலாது என்றார். சரி என்று திரும்பிவிட்டேன். கேட்டாகிவிட்டது, இனி அம்மன் பாடு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிகிற நேரம். இரண்டு கரைச் சனமும் கோயிலில் நிறைந்து நிற்கிறது. வேப்பிலைக் கொத்தோடு பூசை செய்யும் கட்டாடியார் குளிர்த்திப் பானைக்கு முன்னால் வந்துவிட்டார், பாட்டும் குரவை போடுகிற இடத்துக்கு வந்துவிட்டது. முன்வரிசையில் கஜானி. நான் ஐந்தாறு வரிசை பின்னால், அம்மாவோடு. கட்டாடியார் கொத்தைத் தண்ணீரில் தோய்க்கிறார், கஜானி வாய் திறக்கவில்லை. பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் திரும்பிப் பெண்களை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து என் வலது கையைப் பிடித்தாள். ஊசி குத்துகிற அதே கை.

“வண்ணக்கர்ர முத்தத்தில நீங்க போட்டத நான் வேலிக்கு அங்கால நிண்டு கேட்டன் கா. அதக் கேட்டுப் போட்டு நான் முதல் போட ஏலாது. நீங்க போடுங்க, நான் ரெண்டாவது போடுறன்.”

ஒரு வீட்டில் தட்டினேன், அயல் வீடு எழும்பியிருக்கிறது. உன் படத்தில் தெரிகிறதோ இல்லையோ, இது நடக்கிறது, தம்பி.

முன்னால் போய் நின்றேன். அளவாகப் போடச் சொன்ன உன் புத்திமதி நினைவிருந்தது. முதல் மூச்சிலேயே அது பறந்துவிட்டது. வாயைக் குவித்தேன். உதடு இரண்டு பக்கமும் சேர்ந்து பிடித்தது. எடுத்த குரவை அறுபடவில்லை, கீறவில்லை, கூரையில் போய் நின்றது. பின்னால் கஜானி எடுத்தாள், அவளுக்குப் பின்னால் எல்லாப் பெண்களும். கடைசியாக அம்மா எடுத்தார், எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அந்தச் சத்தம் வாவியைத் தாண்டி இக்கரையில் கேட்டதாம், கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

உன் பங்குக்கு இடது கண்ணும் மூடிவிட்டது. குரவை போடப் போட இறுக்கி மூடியபடி நிற்கிறது, வலது கண் திறந்திருக்கிறது. சனம் அதைப் பார்த்துவிட்டது. அம்மன் வந்துவிட்டா என்று இரண்டு பேர் காலில் விழுந்தார்கள். மூளைப் பிழை என்று ஊர் முழுக்கச் சொன்ன வண்ணக்கர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து கைகூப்பினார். “தாயே, எங்களில என்ன குறை?”

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். மனதில் வரிசையாக வந்தது. ஆனால் அவ்விடத்தில் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூச்சை விட்டேன், கண் திறந்தது. “இது அம்மன் இல்ல மாமா, நரம்பு. வழி மாறிப் போயிற்று. முகத்தில அம்மன் குற்றமும் இல்ல, மூளையில பிழையும் இல்ல,” என்றேன். எல்லாப் ‘ப’வும் எல்லா ‘ம’வும் ஒழுங்காக விழுந்தன, எண்ணிப் பார்த்துக்கொள்.

வண்ணக்கர் விடவில்லை. “வழி மாறிப் போன நரம்பக் கூட்டிக்கொண்டு வந்து இதில நிப்பாட்டினது ஆர் புள்ள?” என்றார். குளிசையா, ஊசியா, நாளா, அம்மனா, உனக்கும் தெரியாது என்று நீயே எழுதியிருக்கிறாய். முதற் குரவை அடுத்த வருடமும் எனக்கு, இரண்டாவது கஜானிக்கு என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார்கள். டொக்டர் அஸீமாவுக்கு அத்தான் பெரிய இறாலாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்னும் சில நாள் வரச் சொல்லியிருக்கிறார், போவேன்.

இன்று பின்னேரம் காணொளியில் எடு. முகத்தைக் காட்டுகிறேன், உன் பேராசிரியர் நின்றாலும் பரவாயில்லை. பாதையில் நீ திரும்பிப் பார்க்காத குரவை ஒன்று பாக்கி இருக்கிறது, அதை நேரே போடுகிறேன். போடும்போது இடது கண் மூடும், பயந்து லைனை வெட்டிவிடாதே. மூடு மூடு என்று தை மாதத்திலிருந்து கெஞ்சியவன் நீதானே.

உன் அக்கா,
கேதீஸ்வரி